அப்பாவோடு அந்தித் தூண்டில்: தேவிபட்டினம், தொண்டிப் பக்கக் கடலுக்கு

ராமேசுவரம், மண்டபம் பக்கம் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். வயதான அப்பாவையோ அத்தாவையோ சின்ன வள்ளத்தில் ஏற்றிப் போக தேவிபட்டினமும் தொண்டியும் இருக்கும் பெண்கடல்தான் சரி. ஆழம் குறைவு, அலை சின்னது. மன்னார் பக்கம் தீவுகளை ஒட்டித் தூண்டில் போடவும் முடியாது; 21 தீவுகளும் தேசியப் பூங்கா.

மாதம் முக்கியம். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றில் பெண்கடலும் பெண்கடலாக இருக்காது. மாசி, பங்குனி தோது. ஆனி, ஆடியில் கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும்போதுதான் ஏமாறுவார்கள்: காற்று கரையிலிருந்து கடலுக்குப் போவதால் கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். ஒரு மைல் தாண்டினால் குறுக்கலை. அங்கே இன்ஜின் நின்றால் வள்ளம் கிழக்கே, இலங்கை எல்லைப் பக்கமாகவே ஓடும். கரையோரப் பனையோலை சலசலத்தால் அன்றைக்கு வீட்டில் இருங்கள். நாள் பார்க்கும்போது வளர்பிறை அட்டமியிலிருந்து பௌர்ணமிக்குள் பாருங்கள், திரும்பி வர வெளிச்சம் கிடைக்கும். விசைப்படகுகள் போகாத நாளாக இருந்தால் இன்னும் நல்லது. வள்ளம் ஊர் மீனவருடையதாக, அவரே ஓட்டுவதாக இருக்கட்டும்.

நாலு மணிக்குக் கிளம்பலாம். அப்பாவை நடுப்பலகையில் உட்கார வையுங்கள். அணியத்தில் (வள்ளத்தின் முன்பக்கத்தில்) குலுக்கல் அதிகம். ஐஸ் பெட்டிமேல் வேண்டாம், ஒவ்வொரு மீனுக்கும் அவரை எழுப்ப வேண்டியிருக்கும், எழுந்து நிற்பதுதான் வள்ளத்தில் ஆபத்து. லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிவிடுங்கள். "எனக்கு நீச்சல் தெரியும்டா" என்பார், கேட்காதீர்கள். ராத்திரி மாத்திரை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், டார்ச் இரண்டு, ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர். வெந்நீர் எதற்கு என்று பின்னால் வருகிறது.

தூண்டிலுக்கு 0.50 மில்லிமீட்டர் நரம்பு (நைலான் இழை) 50 மீட்டர், ஒரு மரக்கட்டையில் சுற்றியது போதும். அடியில் 50 கிராம் ஈயம். அதற்கு மேல் ஒரு சாண் விட்டு ஒரு கிளை, இன்னும் இரண்டு சாண் மேலே இன்னொரு கிளை. ஒவ்வொரு கிளையும் ஒரு சாண் நீளம், நுனியில் தூண்டில் முள் 7 அல்லது 8 நம்பர். எண் கூடக் கூட முள் சிறுக்கும், கடையில் மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஈயத்தை மட்டும் 0.30 நரம்பில் கட்டுங்கள். பாரில் (கடலடிப் பவளப் பாறையில்) ஈயம் சிக்கினால் அந்த மெல்லிய நரம்பு அறுந்து ஈயத்தோடு போகும், முள்ளும் மீனும் மிஞ்சும். எல்லாவற்றையும் ஒரே தடிமனில் கட்டுகிறவர்கள் மாலைக்கு நாலு தூண்டில் இழப்பது இதனால்தான்.

இரை இறால் அல்லது கணவாய். கணவாயை விரல் நீளத்துக்கு வார் மாதிரி அறுத்து, ஒரு நுனியில் மட்டும் முள்ளைக் குத்தி, மீதியைத் தொங்க விடுங்கள். சுருட்டிக் குத்தினால் நீவாட்டில் (நீரோட்டத்தில்) இரை பம்பரமாகச் சுற்றும். பத்து நிமிஷத்தில் கிளை தாய் நரம்போடு முறுக்கிக்கொள்ளும், மீனும் தொடாது.

பாதி மீன் நங்கூரத்தில் இருக்கிறது. பாரின் மேலேயே போடாதீர்கள்: பவளம் உடையும், நங்கூரமும் திரும்பி வராது. பாருக்குக் காற்று வரும் பக்கம், மணலில் போட்டுவிட்டு, கயிறு விட்டு விட்டு வள்ளத்தைப் பாரின் ஓரத்துக்கு இறக்குங்கள். ஆழம் மூன்று பாகம் என்றால் கயிறு பத்துப் பன்னிரண்டு பாகம் (இரண்டு கையையும் விரித்த அளவு ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி). கயிறு குட்டையானால் அலைக்கு வள்ளம் தூக்கும்போது நங்கூரத்தையும் தூக்கிவிடும். கயிறு அணியத்தில்தான் கட்ட வேண்டும், பின்பக்கம் கட்டினால் இன்ஜின் கனத்தோடு அலை உள்ளே ஏறும். கட்டியதும் கணியம் பாருங்கள்: கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரத்தையோ மினாராவையோ நேர்க்கோட்டில் வையுங்கள். கோடு விலகினால் நங்கூரம் இழுபடுகிறது.

ஈயம் தரை தட்டியதும் ஒரு முழம் தூக்கி, நரம்பை ஆள்காட்டி விரலில் வையுங்கள். விரலுக்கு சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டினால் அறுக்காது. கையில் மட்டும் சுற்றவே கூடாது. விளைமீன் இரண்டு தட்டு தட்டும். அப்போது இழுத்தால் இரைதான் போகும். மூன்றாவதாக ஒரு கனம் தெரியும், அதற்குத்தான் வெட்டி இழுக்க வேண்டும். பொழுது சாயும் கடைசி அரைமணி நேரம்தான் நல்ல கொத்து. அப்பா இழுக்கட்டும், முள் கழற்றுவது உங்கள் வேலை.

கெளிறு மீனுக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். ஓரா மீனுக்கு முதுகு நெடுக முள். இரண்டிலும் விஷம் உண்டு. குத்தினால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள், வலி இறங்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாது. திருக்கை, கடல்பாம்பு மாட்டினால் வள்ளத்துக்குள் ஏற்றாமல் நரம்பை அறுத்துவிடுங்கள். பேத்தை மீனைச் சமைத்தாலும் விஷம் போகாது, கடலிலேயே விடுங்கள். மற்ற மீனுக்கு எடைக்கு எடை உடைத்த ஐஸ்.

ஏழு மணிக்குள் நங்கூரம் ஏறட்டும், கொத்து நன்றாக இருந்தாலும். இருட்டில் நண்டு வலை மிதவைகள் தெரியாது, கயிறு புரொபெல்லரில் சுற்றும். உடனே இன்ஜினை அணைத்துத் தூக்கி, சுற்றிய திசைக்கு எதிராகக் கையால் பிரியுங்கள். வலையை அறுத்தால் மறுநாள் கரையில் பதில் சொல்ல வேண்டும். இன்ஜினே போய்விட்டால் முதலில் நங்கூரத்தை இறக்குங்கள், போன் அதற்குப் பிறகு: கடலோரப் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.