மசில் கார்: வருடக்கணக்கில் ஓட்டுவதற்காகச் சீர்செய்வது

1964 பான்டியாக் ஜிடிஓ-வில் தொடங்கி 1970-களின் ஆரம்பம் வரை அமெரிக்காவில் வெளிவந்த மசில் கார்களை, அதாவது பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் போட்ட வேகக் கார்களைக் கண்காட்சிக்காகவும் சீர்செய்யலாம், ஓட்டுவதற்காகவும் சீர்செய்யலாம். இந்தக் குறிப்பு ஓட்டுபவர்களுக்கு. இருபது வருடம் ஓட வேண்டிய வண்டிக்கு வேலையின் வரிசையே வேறு. முதலில் தகடு, அடுத்து பிரேக்கும் ஸ்டியரிங்கும், பிறகு வயரிங், அதன் பின்தான் இன்ஜின். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்ஜினைக் கட்டி முடிக்கும்போது பணம் தீர்ந்துவிடுகிறது. பழைய டிரம் பிரேக்கோடும் கருகிய வயரோடும் வண்டி கொட்டகையிலேயே நின்றுபோகிறது.

வாங்கும் முன்

மேலே ஒட்டியிருக்கும் 'எஸ்எஸ்' (செவர்லேயின் வேக மாடல்) எழுத்தை நம்பி விலை பேசாதீர்கள். செவர்லேயில் 1971 வரை வண்டி எண்ணை (பதிவு எண் அல்ல, தொழிற்சாலை கொடுத்த விஐஎன்) வைத்து எந்த வி8 என்று சொல்ல முடியாது. 1972 முதல்தான் ஐந்தாவது எழுத்து இன்ஜினைக் குறிக்கிறது. கிரைஸ்லர் குழுமத்தின் பிளிமத், டாட்ஜ் வண்டிகளில் 1968-க்கு முன்பிருந்தே ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லிவிடும். செவர்லே இன்ஜினில் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் சிறிய தட்டையான இடம் ஒன்று உண்டு. 1968 முதல் வண்டி எண்ணின் கடைசிப் பகுதியையும் இன்ஜினில் பொறித்தார்கள். பெரும்பாலும் அது அந்த இடத்தில்தான் இருக்கும். பிளாக்கின் மேற்பரப்பை லேத் பட்டறையில் சீவும்போது அந்தப் பொறிப்பும் சேர்ந்து போய்விடும். முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று பட்டறையில் எழுதியே கொடுங்கள்.

துருவைத் தேட ஒரு காந்தமும் ஒரு குடம் தண்ணீரும் போதும். முன் கண்ணாடிக்குக் கீழே, பானட்டை ஒட்டி இருக்கும் காற்றுத் துளைகளில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நல்ல வண்டியில் அது முன் மட்கார்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தரையில் வடியும். வண்டிக்குள் கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் உள்ளே இருக்கும் கௌல் தகடு அரித்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்ற முன்பக்கத் தகடுகளைக் கழற்ற வேண்டும், ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுக்க வேண்டும். பெயிண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த ஒரு சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

வினைல் கூரை போட்ட வண்டி என்றால் பின் கண்ணாடியின் கீழ் விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். துணிக்கு அடியில் ஈரம் தங்கி, தகடு பொடிந்திருக்கும். செவெல், ஜிடிஓ போன்றவற்றில் சேசிஸ் தனி. அதனால் தரைத் தகட்டில் ஓட்டை இருந்தாலும் சமாளிக்கலாம். மஸ்டாங், சார்ஜர், ரோட் ரன்னரில் உடலே சேசிஸ். அங்கே பின் ரெயிலில் இருக்கும் துரு வண்டியின் முதுகெலும்பில் இருக்கும் துரு.

தகடு வேலை

கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்தின் பெயர் எழுதிய பைக்குள் போடுங்கள். கதவுக் கீல்களின் இடத்தைச் சுற்றி மெல்லிய கோடு கீறிவிட்டுக் கழற்றுங்கள். ஷிம்கள் (இடைவெளி சரிசெய்ய வைத்த மெல்லிய தகடுகள்) எத்தனை, எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். இதில் சோம்பல்பட்டால், மூன்று வருடம் கழித்துக் கதவைப் பூட்டும்போது ஒரு வாரம் வீணாகும்.

தரைத் தகட்டை வெட்டுவதற்கு முன் கதவு வாய்க்குள் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) அடித்துக்கொள்ளுங்கள். உடலே சேசிஸாக இருக்கும் வண்டிக்கும், கூரை இல்லாத வண்டிக்கும் இது கட்டாயம். இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்து, பிறகு கதவு மூடாது. பழைய ஸ்பாட் வெல்டுகளை 8 மி.மீ. டிரில்லால் மேல் தகட்டில் மட்டும் துளைத்து எடுங்கள். புதிய தகட்டில் அதே இடங்களில் ஓட்டை போட்டு, ஓட்டையை நிரப்பி வெல்டு வையுங்கள். 0.023 அங்குல மிக் வெல்டிங் கம்பி, 75 சதவீத ஆர்கானும் 25 சதவீத கார்பன் டைஆக்சைடும் கலந்த வாயு. இந்தத் தடிமன் தகட்டுக்கு இது பொருந்தும். ஒரே ஓட்டமாக வெல்டு இழுத்தால் சூட்டில் தகடு அலையலையாகிவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது நான்கைந்து அங்குலம் தள்ளி. கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு நடுவில் நிரப்புங்கள். மணல் வீச்சிலும் இதே ஆபத்து உண்டு. பானட், கூரை, கதவு போன்ற அகலத் தகடுகளுக்குப் பெயிண்ட் நீக்கும் ரசாயனமே போதும்.

துரு நீக்கிய தகட்டை வெறுமனே வைக்காமல் அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். பட்டி அதன் மேல்தான். 3 மி.மீ.-க்கு மேல் பட்டி தேவைப்பட்டால் பள்ளத்தை இன்னும் தட்டி எடுக்க வேண்டும். உப்புத்தாள் 80, 180, 320 என்று படிப்படியாகப் போங்கள். நேரடியாக நைஸ் தாளுக்குத் தாவினால் 80-இன் கீறல்கள் ஆறு மாதத்தில் பெயிண்ட்டுக்கு மேலே தெரியும். கடினமாக்கி கலந்த இன்றைய பெயிண்ட்டுகளில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை ஸ்ப்ரே செய்யும்போது வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும், சாதாரண முகமூடி நுரையீரலைக் காக்காது.

நிற்கும் வண்டிதான் ஓடலாம்

1967 மாடலுக்கு முந்தைய பல வண்டிகளில் ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர்தான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றுவதுதான் இந்த வண்டிக்குச் செய்யும் முதல் மாற்றமாக இருக்க வேண்டும். இரும்புக் குழாய்களுக்குப் பதில் செம்பு–நிக்கல் குழாய் போட்டால் துருப்பிடிக்காது, வளைக்கவும் சுலபம். முனைகளில் இரட்டை மடிப்பு கட்டாயம்.

ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே ஊதியிருக்கும். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால், ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் இணைப்பைத் தளர்த்துங்கள். சக்கரம் விடவில்லையா? பிளீடர் நிப்பிளைத் திறங்கள். இப்போது விட்டால் குற்றவாளி ஹோஸ்தான். சக்கரத்திலேயே குறை என்று நினைத்து ஷூவையும் ஸ்பிரிங்கையும் மாற்றுவது வீண் செலவு. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்றுங்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ மற்ற வகைகளோடு ஒருபோதும் கலக்காதீர்கள்.

1970 வரையிலான கிரைஸ்லர் குழும வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர ஸ்டட்டுகளுக்கு இடது மரை. முனையில் 'எல்' என்று பொறித்திருக்கும். தெரியாமல் வழக்கமான பக்கம் கழற்றப் போனால் ஸ்டட் முறியும்.

அன்றைய அலைன்மென்ட் அளவுகள் பழைய பயாஸ் டயருக்கானவை. ரேடியல் டயர் போட்டால் காஸ்டர் பிளஸ் 2 முதல் 3 டிகிரி, கேம்பர் 0 முதல் மைனஸ் 0.5 டிகிரி, டோ–இன் 1/16 முதல் 1/8 அங்குலம் என்று அலைன்மென்ட் கடையில் கேளுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி அலைவது பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும்.

வயரிங்

ஐம்பது வருடப் பழைய வயரிங்கில் பாதிக் கோளாறு எர்த்தில் இருக்கிறது. இன்ஜினிலிருந்து பாடிக்கும், பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கும் புதிய எர்த் பட்டை போட்டு, தொடும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிவிடுங்கள்.

பிளிமத், டாட்ஜில் தனிக் கவனம் வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்னோட்டம் இன்ஜினுக்குப் பின்சுவரில் இருக்கும் இணைப்பான் வழியாக உள்ளே போய், டேஷ்போர்டில் உள்ள அம்மீட்டரைக் கடந்து, அதே இணைப்பான் வழியாகத் திரும்புகிறது. அந்த இணைப்பானைப் பிடுங்கிப் பாருங்கள். தடித்த கறுப்பு வயரும் சிவப்பு வயரும் நுழையும் துளைகளைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால் அது தீப்பிடிக்கக் காத்திருக்கும் இடம். ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு நேராக 10 கேஜ் வயர் ஒன்றை, 14 கேஜ் ஃபியூசிபிள் லிங்க்கோடு (சுமை மிஞ்சினால் ஃபியூஸ் போல உருகும் வயர்) வெளியிலேயே போட்டுவிட்டால் சுமையின் பெரும்பகுதி அதில் போகும். அம்மீட்டர் முள் இனிமேல் அவ்வளவாக ஆடாது. அதற்குப் பதில் ஒரு வோல்ட்மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின்

பிரித்துக் கட்டுவதற்கு முன் கம்ப்ரெஷன் பார்த்து, ஆயில் பிரஷர் பார்த்து முடிவெடுங்கள். சூடான இன்ஜினில், நிமிடத்துக்கு ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் 10 பிஎஸ்ஐ ஆயில் பிரஷர் இருந்தால் பேரிங்குகளுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

கட்டாயம் பார்க்க வேண்டியது டைமிங் செயின். அந்தக் காலத்தில் சத்தம் குறைய, கேம் பல்சக்கரத்தை அலுமினியத்தில் செய்து பற்களுக்கு நைலான் பூசினார்கள். வயதான நைலான் வெடித்து உதிரும். செயின் தாண்டி டைமிங் போவது ஒரு பக்கம். உதிர்ந்த துண்டுகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்து பேரிங்கைக் காய வைப்பது அதைவிடப் பெரிய சேதம். மீட்டரில் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் இரும்புப் பல், இரட்டை ரோலர் செயினுக்கு மாற்றுங்கள். ஆயில் சம்ப்பைக் கழற்றி சல்லடையையும் துடையுங்கள்.

டைமிங் லைட் காட்டும் எண்ணை நம்பும் முன் கிராங்க் பேலன்சரைச் சோதியுங்கள். உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவில் ரப்பர் இருக்கிறது. அது தளர்ந்தால் வெளிவட்டம் நழுவி, பூஜ்யக் கோடு பொய் சொல்லும். பேட்டரியைக் கழற்றி, முதல் சிலிண்டர் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் ஒன்றைத் திருகுங்கள். கிராங்கைக் கையால் ஒரு பக்கம் சுற்றி, இடித்து நின்ற இடத்தில் குறியிடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றி இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுமையம்தான் உண்மையான மேல்நிலை. அது பூஜ்யக் கோட்டோடு சேரவில்லை என்றால் பேலன்சரை மாற்றுங்கள். பிறகுதான் டைமிங். செவர்லே சிறிய வி8-க்கு டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் ஹோஸை அடைத்துவிட்டு 3,000 சுற்றில் மொத்தம் 34 முதல் 36 டிகிரி சரியாக இருக்கும்.

அதே செவர்லே இன்ஜினைக் கட்டும்போது: ஹெட் போல்ட் 65 பவுண்டு–அடி, மூன்று கட்டமாக இறுக்குங்கள். போல்ட் துளைகள் தண்ணீர் அறைக்குள் திறப்பதால் மரையில் சீலண்ட் பூசாவிட்டால் கூலண்ட் மேலே ஏறும். பிஸ்டன் ரிங் இடைவெளி சிலிண்டர் விட்டத்தில் அங்குலத்துக்கு 0.004. நான்கு அங்குலத்துக்கு 0.016.

ஃபிளாட் டாப்பெட் கேம் புதிதாகப் போட்டால் முதல் அரைமணி நேரம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கேமின் மேல் உரசி வால்வைத் தள்ளும் லிஃப்டரின் அடி சற்றே குவிந்திருக்கும், கேம் முனை சற்றே சரிந்திருக்கும். அதனால்தான் லிஃப்டர் சுழல்கிறது. சுழலாத லிஃப்டர் கேமை அரைத்துவிடும். கேம் முனைகளுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் தெளிப்பதில்தான் கிடைக்கிறது. ஐடிலில் அந்தத் தெளிப்பு போதாது. எனவே முனைகளில் மாலிப்டினம் பேஸ்ட் பூசி, டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில்லால் ஆயில் பம்ப்பைச் சுற்றி எல்லா ராக்கருக்கும் எண்ணெய் ஏறுவதைப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே 2,000 சுற்றுக்கு ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் நடுவில் ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம். கார்புரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர், தோராய டைமிங் எல்லாம் முன்பே தயாராக இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை அடித்தால் பேஸ்ட் எல்லாம் வழிந்துவிடும். முடிந்ததும் ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டித் துகள் பாருங்கள். இதற்குப் பிறகும் ஜிங்க் அதிகமுள்ள ஆயிலே போடுங்கள். இன்றைய சாதாரண கார் ஆயிலில் அது குறைவு.

இன்ஜின் மவுண்ட்டையும் விட்டுவிடாதீர்கள். 1960-களின் செவர்லேகளில் இடப்பக்க மவுண்ட் ரப்பர் பிய்ந்தால், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது இன்ஜின் தூக்கி, த்ராட்டில் இணைப்பை இழுத்துத் திறந்து வைத்துவிடும். 1971-இல் சுமார் 67 லட்சம் வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். ரப்பர் பிய்ந்தாலும் இரண்டு பாதியும் பிரியாதபடி பூட்டு உள்ள மவுண்ட்டே போடுங்கள்.

பெட்ரோல், சூடு, கியர்

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்னும். ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். கண்ணாடி ஃபில்டர் பார்க்க அழகுதான், ஆனால் சூடான இன்ஜின் மேல் கசியும். அமெரிக்கச் சாலைகளில் ஈயம் கலந்த பெட்ரோல் 1996-இல் தடைசெய்யப்பட்டது. அந்த ஈயம்தான் வால்வ் சீட்டைத் தேயாமல் காத்தது. இதற்காக மட்டும் ஹெட்டைப் பிரிக்க வேண்டாம், எப்போதாவது பிரிக்கும்போது கடினமாக்கிய எக்ஸாஸ்ட் வால்வ் சீட் போட்டுக்கொள்ளுங்கள்.

நின்றுகொண்டிருக்கும்போது சூடேறினால் காற்றுக் குறை. ஃபேன் இதழில் பாதி ஷ்ரவுடுக்குள் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் சூடேறினால் தண்ணீர் ஓட்டக் குறை. ரேடியேட்டர் அடைப்பு, அல்லது கீழ் ஹோஸுக்குள் ஸ்பிரிங் இல்லாமல் உறிஞ்சலில் அது சப்பையாவது.

65 மைல் வேகத்தில் 3.73 பின் கியரும் 27 அங்குல டயரும் இருந்தால் இன்ஜின் ஏறக்குறைய 3,000 சுற்றில் கத்தும். 0.64 ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் போட்டால் அது 1,950-க்குக் கீழே வந்துவிடும். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் இல்லை. பழைய கியர்பாக்ஸை எறியாமல் கிரீஸ் பூசி வையுங்கள். மன்சி (அந்தக் கால ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் கைக் கியர்) கியர்பாக்ஸில் ஜிஎல்–4 வகை கியர் ஆயில். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் திருப்பங்களில் தடதடத்தால் ஜிஎல்–5-ஓடு ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் சேர்த்துப் பாருங்கள்.

வருடா வருடம்

3,000 மைலுக்கோ வருடத்துக்கோ ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது, ஆயில் மாற்றுங்கள். அன்றே எல்லா கிரீஸ் நிப்பிளுக்கும் கிரீஸ் அடியுங்கள். டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் பக்கத்தில் பொறித்த நான்கு எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வருடமானால் மாற்றிவிடுங்கள்.

பனிக்காலத்தில் நிறுத்தும் முன் ஆயிலை மாற்றி, டேங்கை நிரப்பி ஸ்டெபிலைசர் சேர்த்து, அது கார்புரேட்டர் வரை போகப் பத்து மைல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். சைலன்சர் குழாயையும் ஏர் கிளீனர் மூக்கையும் இரும்பு நாரால் அடைத்தால் எலி புகாது. இடையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது கெடுதல். ஆயில் சூடாகாது, எரிந்த வாயுவின் நீர் உள்ளேயே தங்கும். ஓட்டினால் இருபது மைல் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

அடைத்த இரும்பு நாரை எண்ணி, அதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள். வசந்தத்தில் அத்தனையையும் எடுத்த பிறகு, கார்புரேட்டர் வென்ட் வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி அறையை நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.