காண்டம் கிழிஞ்சிருச்சா? முதல்ல மணியப் பாருங்க

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஃப்ரெண்டு ஏற்காட்டுலருந்து போன் பண்றான், "மச்சான் காண்டம் கிழிஞ்சிருச்சுடா, அந்தப் பொண்ணு நேத்துதான் பழக்கம், என்னடா பண்றது". அதுக்குள்ள டெட்டால ஊத்திக் கழுவிட்டான், அது எரிய ஆரம்பிச்சதும் நோய் வந்துருச்சுன்னு முடிவே கட்டிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குறவரைக்கும் கூகுள்தான். டெட்டால்லாம் வேணாங்க, தோல் புண்ணானா ரிஸ்க் இன்னும் கூடும், வெறும் தண்ணி போதும்.

ஸ்டெப் 1: காலண்டர் தாள் ஒண்ணக் கிழிச்சு நடந்த தேதி, மணி எழுதுங்க. இனி எல்லாக் கணக்கும் அதுலருந்துதான். அவன் எழுதுனது சனி ராத்திரி 11.

ஸ்டெப் 2: 72 மணி நேரம். ஹெச்ஐவி வராம தடுக்குற பெப் மாத்திரைய அதுக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாம போடணும். நம்மாளு திங்கக்கிழமை ஒரு லேப்ல பெரிய பேக்கேஜ் டெஸ்ட் எடுத்து எல்லாம் நெகட்டிவ்னு எனக்குத் தட்டுவடை செட் வாங்கிக் குடுத்தான். ரெண்டாம் நாள் எடுக்குற டெஸ்ட் சனிக்கிழமைக்கு முன்னாடி இருந்த கதையத்தான் சொல்லும்டான்னு திட்டி, செவ்வாய் காலைல பெரிய ஆஸ்பத்திரிக்கு, அதான் சேலம் மோகன் குமாரமங்கலம் ஜிஹெச், அங்க ஹெச்ஐவிக்கு மருந்து குடுக்குற ஏஆர்டி சென்டருக்கு இழுத்துட்டுப் போனேன். டாக்டர் என்ன நடந்துச்சுன்னு கேட்டுத்தான் மாத்திரை தேவையா இல்லையான்னு முடிவு பண்ணுவாங்க, மறைக்காம சொல்லுங்க. போகத் தயக்கமா இருந்தா 1097க்கு போன் போடுங்க, காசு கிடையாது.

அந்தப் பொண்ணுக்கும் சொன்னியாடான்னு கேட்டா முழிக்கிறான். பார்ட்னருக்கு ஹெச்ஐவி இருந்து மருந்து எடுக்காம இருந்தா, சாதாரண உறவுல ஹெச்ஐவி ஒட்டுற வாய்ப்பு பொண்ணுக்கு 10,000 தடவைக்கு 8, ஆணுக்கு 4ன்னு ஒரு கணக்கு சொல்றாங்க, ஆக அவளுக்கு டபுள். ஆசன வழில வாங்கிக்கிறவங்களுக்கு 138. முத்தத்துல ஹெச்ஐவி வராது, ஓரல்ல ரொம்பக் கம்மி, ஆனா கொனோரியா, சிபிலிஸ் மாதிரி பால்வினை நோய் ஓரல்லயும் ஒட்டும். கர்ப்பத்தத் தடுக்குற மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள்ளதான், அது நோயத் தடுக்காது.

ஸ்டெப் 3: டெஸ்ட். கொனோரியாவுக்கும், கிளமிடியான்னு இன்னொரு பால்வினை நோய்க்கும் 2 வாரம் கழிச்சு யூரின். ஹெச்ஐவிக்கு லேப்ல நாலாம் தலைமுறை ரத்த டெஸ்ட்னா 45 நாள், விரல்ல குத்திப் பாக்குறதுன்னா 3 மாசம். சிபிலிஸ்க்கு விடிஆர்எல்ங்கிற ரத்த டெஸ்ட், 6 வாரத்துல ஒண்ணு, 3 மாசத்துல ஒண்ணு. பெப் போட்டவங்களுக்குக் கணக்கு மாறும், டாக்டர் சொல்ற தேதிக்குப் போங்க. ஹெச்ஐவி டெஸ்ட் அரசு நடத்துற நம்பிக்கை மையத்துல இலவசம், ரிசல்ட்ட வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017லயே சட்டம் வந்தாச்சு. உறவுல ஒட்டுற கல்லீரல் நோய் ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசி போடலன்னா அதையும் கேட்டுருங்க.

ஸ்டெப் 4: உடம்பப் பாத்துக்கங்க. சீழ், எரிச்சல்னா கொனோரியாவா இருக்கலாம், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ளயே தெரியும், பொண்ணுங்களுக்குப் பல நேரம் ஒண்ணுமே தெரியாது. சிபிலிஸ் புண்ணு சுமார் 3 வாரத்துல வரும், வலிக்காது, தானா ஆறிரும், ஆறிருச்சேன்னு விட்டா கிருமி உள்ளயே இருக்கும். மெடிக்கல்ல மாத்திரை கேட்டு வாங்காதீங்க, ஜிஹெச்ல இந்த நோய்களுக்குன்னே சுகவாழ்வு மையம் இருக்கு.

ரிசல்ட் எல்லாம் வர்றவரைக்கும் காண்டம் இல்லாம வேணாம், ரத்ததானமும் வேணாம். ஓசில டெஸ்ட் ஆயிரும்னு ரத்ததான கேம்ப்ல போய்ப் படுக்குறவங்க இருக்காங்க, அந்த பாட்டில் யாருக்கு ஏறும்னு தெரியாதுங்க.