இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் நீங்களே செய்துபார்க்க வேண்டிய சோதனைகள்

பிக்கப் குறைந்துவிட்டது, புகை வருகிறது, ஏதோ சத்தம் கேட்கிறது என்று பைக்கை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விடுகிறீர்கள். ஒரு கிக், இரண்டு முறை ஆக்சிலேட்டர் முறுக்கல், உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது: "இன்ஜின் வேலை இருக்கு, பிரிக்கணும்." அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் சொன்னது என்றால் அங்கேயே தலையாட்ட வேண்டாம். பிரித்தால் கேஸ்கெட், சீல், ஓ-ரிங் எல்லாம் புதிதாகப் போட வேண்டும், கூலி தனி. பூட்டும்போது கவனம் தப்பினால் அதுவரை இல்லாத ஆயில் கசிவும் வந்து சேரும்.

ஸ்பானரே பிடித்துப் பழகாதவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். செலவில்லாத சோதனையில் தொடங்கி, வெளியிலிருந்து உள்ளே போவோம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இன்ஜின் பழுது போலத் தெரிகிற குறைகளில் பல, இன்ஜினுக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்றால் வருபவை.

தேவையானவை: பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), சாதாரண மல்டிமீட்டர், டார்ச், சுத்தமான துணி, உங்கள் மாடலுக்கான கையேடு. நான் பேசுவது ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளைப் பற்றி.

1. குறையை முதலில் எழுதுங்கள்

"பிக்கப் இல்லை" என்று மட்டும் சொன்னால் அதற்கு இருபது காரணங்கள் இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? எல்லா கியரிலுமா, டாப் கியரில் மட்டுமா? மெல்ல மெல்லக் குறைந்ததா, ஒரே நாளில் வந்ததா? கடைசியாக சர்வீஸ் விட்டபோது என்னென்ன மாற்றினார்கள்? சர்வீஸ் முடிந்த கையோடு வந்த குறை என்றால், அங்கே கைவைத்த இடத்திலிருந்தே தேடலைத் தொடங்கலாம். சத்தம் கேட்டால் மொபைலில் பதிவு செய்துகொள்ளுங்கள். மெக்கானிக் முன்னால் நிறுத்தும்போது பல சத்தங்கள் வராது.

2. ஆயில்

இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, சமதளத்தில், சென்டர் ஸ்டாண்டு போட்டு நேராக நிறுத்திப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்துவைத்துப் பார்த்தால் அளவு தப்பாகத்தான் காட்டும். டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு உள்ளே விடும்போது மரையில் திருகக் கூடாது, வெறுமனே வைத்து எடுக்க வேண்டும் என்று பல மாடல்களின் கையேடு சொல்கிறது. உங்கள் மாடலுக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு குறைவாக இருந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகமாக ஊற்றினாலும் தொல்லைதான். மிஞ்சிய ஆயில் நுரைத்து, பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் குழாய்) வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய்ச் சேரும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்ததும் "ரிங் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரோடு ஒட்டி அடைக்கும் வளையம். அளவைச் சரிசெய்து, பெட்டியைச் சுத்தம் செய்து, சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகும் ஆயில் வந்தால்தான் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஏர் கூல்டு பைக்கில் இது பெரும்பாலும், இன்ஜின் முழுதாகச் சூடேறாத குறுகிய ஓட்டங்களால் உள்ளே சேர்ந்த ஈரம். லிக்விட் கூல்டு என்றால் கூலன்ட் உள்ளே இறங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அதுவரை ஓட்ட வேண்டாம்.

ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வடிந்த ஆயிலை டார்ச் அடித்துப் பாருங்கள். டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் மை போல ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானம். விரலால் தேய்த்தால் நெருடும் தகடுத் துணுக்குகள் வந்தால், அப்போது உள்ளே ஏதோ உடைந்து தேய்கிறது. அந்தத் துணுக்கை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்கிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச், இன்ஜின் ஆயிலிலேயே நனைந்துதான் ஓடுகிறது. அதற்கென்றே ஜப்பானியத் தரக்குறியீடான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 டப்பாவின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கலாம். அதை அடுத்த படியில் பார்க்கலாம்.

3. பிரேக், செயின், கிளட்ச்

இந்த மூன்றும் கெட்டாலும் ஓட்டுபவருக்கு "இன்ஜின் இழுக்கவில்லை" என்றுதான் தோன்றும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தங்குதடையில்லாமல் சில சுற்றாவது சுற்ற வேண்டும். உடனே நின்றுவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. செயின் தளர்வு பெரும்பாலான சாதாரண பைக்குகளில் 20 முதல் 30 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கிறது. தளர்ந்த செயின் கவரில் உரசும் சத்தத்தை இன்ஜின் சத்தம் என்று நினைத்துவிடுவது சகஜம்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க, ஆளில்லாத நேரான சாலையில் உயர் கியரில் மிதமான வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகுங்கள். இன்ஜின் இரைச்சல் மட்டும் ஏறி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச்தான் குற்றவாளி. கிளட்ச் லீவரின் நுனியில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல மாடல்களில் 10 முதல் 20 மில்லிமீட்டர். தளர்வே இல்லாவிட்டால் கேபிள் எப்போதும் கிளட்ச்சை லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு நட்டைத் திருகினால் போதும்.

4. ஏர் ஃபில்டரும் பிளக்கும்

ஃபில்டர் அடைத்திருந்தால் காற்று குறையும், பெட்ரோல் கூடும், கறுப்புப் புகை, மைலேஜ் நஷ்டம். அதைவிட மோசமானது கிழிந்த ஃபில்டர், அல்லது சரியாக உட்காராத பெட்டி மூடி. அந்த இடுக்கு வழியாகப் போகும் தூசி சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் அரைத்துவிடும். ஃபில்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கமுள்ள ரப்பர் குழாயின் உள்ளே சுத்தமான துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். மண் படிந்தால், 8-ஆம் படியில் வரும் கம்ப்ரெஷன் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள். அதற்கு முன் சுற்றியிருக்கும் தூசியை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். இளம்பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பழுப்பு என்றால் எரிதல் சரியாக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது குறுகிய ஓட்டங்கள் மட்டுமே ஓட்டுகிறீர்கள். பளபளவென்று ஈரமான கறுப்பாக, தொட்டால் பிசுபிசுத்தால் எரியும் அறைக்குள் ஆயில் வருகிறது. வெள்ளையாக வெளிறி, கொப்புளம் போல இருந்தால் இன்ஜின் மிகையாகச் சூடாகிறது, பெட்ரோல் போதவில்லை என்று பொருள். இன்ஜின் உள்ளே நடப்பதை இவ்வளவு சுலபமாகக் காட்டும் பொருள் வேறில்லை என்பதால், கழற்றியதும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பூட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். ஸ்பானரால் ஆரம்பித்து மரை குறுக்கே ஏறிவிட்டால், அலுமினிய ஹெட்டில் (சிலிண்டரின் மேல்பாகம்) அதைச் சரிசெய்வதே தனிச் செலவு.

5. பேட்டரி

செல்ஃப் எடுக்காதது, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பைக் மிஸ்ஸிங் அடிப்பது, ஓடும்போது திடீரென அணைவது ஆகியவற்றுக்கு இதைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் வாக்கில் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றினால் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதுவரை ஏறவில்லை என்றால் சார்ஜிங் பக்கம் கோளாறு. மீட்டருக்குப் பக்கத்தில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பிழைக் குறியீடு (எரர் கோட்) என்ன என்று வாசிக்கச் சொல்லுங்கள். சென்சார் ஒன்று கெட்டதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

6. புகையை நிறம், நேரம் இரண்டும் சேர்த்துப் பாருங்கள்

குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் மெல்லிய வெள்ளை ஆவி வெறும் ஈரம். கறுப்பு என்றால் 4-ஆம் படிக்குத் திரும்புங்கள். நீலம் கலந்த புகை என்றால் ஆயில் எரிகிறது, ஆனால் எங்கிருந்து வருகிறது?

இரவு முழுக்க நின்ற பைக்கை ஸ்டார்ட் செய்ததும் ஒரு பொட்டலம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வந்து மறுபடி திருகும்போது மட்டும் வந்தால், வால்வு சீல்களைச் சந்தேகியுங்கள். அவை சிறிய ரப்பர் வளையங்கள். அவற்றை மாற்ற ஹெட்டில் வேலை செய்தால் போதும், பிஸ்டனைத் தொட வேண்டியதில்லை. சூடான பிறகும், பாரம் இழுக்கும்போது விடாமல் நீலப்புகை வந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். "ஆயில் குடிக்குது, ஃபுல் இன்ஜின் வேலை" என்று இரண்டையும் ஒரே கட்டணத்தில் கட்டிவிடுவதற்கு நீங்கள் இடம் கொடுக்கக் கூடாது.

7. டேப்பட் இடைவெளி

புதியவர்கள் அதிகம் புறக்கணிப்பதும், இன்ஜினை அதிகம் காப்பாற்றுவதும் இதுதான். வால்வு என்பது சிலிண்டருக்குள் காற்றை விடும், புகையை வெளியேற்றும் கதவு. அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற கைக்கும் வால்வின் நுனிக்கும் நடுவே விடும் சிறு இடைவெளிதான் டேப்பட் இடைவெளி. டேப்பட் தளர்ந்தால் டிக் டிக் என்று சத்தம் வரும், அதனால் ஊரே கவனிக்கும். இறுகினால் சத்தமே வராது. வால்வு நாளடைவில் தன் இருக்கையைத் தேய்த்துக்கொண்டு மேலே ஏறும், இடைவெளி குறையும். கடைசியில் இன்ஜின் சூடானதும் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பதே இருக்கையில் படியும் அந்த நேரத்தில்தான். படியாவிட்டால் விளிம்பு கருகிவிடும். குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, சூடானதும் ஐட்லிங் நிற்காமல் அணைந்து, மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் பைக் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஹெட்டில் இருக்கும் டேப்பட் மூடிகளையும், மேக்னெட் கவரில் (இன்ஜினின் பக்கவாட்டில், மின்சாரம் தயாரிக்கும் மேக்னெட்டை மூடியிருக்கும் கவர்) உள்ள இரண்டு மூடிகளையும், பிளக்கையும் கழற்றுங்கள். கிராங்க்கை (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு) அதன் வழக்கமான திசையில் மெல்லச் சுற்றி, மேக்னெட்டில் உள்ள 'டி' குறி கவரின் கோட்டுக்கு நேராக வரச்செய்யுங்கள். இப்போது இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு இருந்தால் சரியான இடம். இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

கையேட்டில் சொன்ன தடிமனுள்ள ஃபீலர் தகட்டை இடைவெளியில் விடுங்கள். இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் அளவு வேறாக இருக்கலாம். லேசான உரசலோடு நுழைந்து வர வேண்டும். நுழையவே இல்லையென்றால் லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சரிசெய்து, திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை தகட்டை விட்டுப் பாருங்கள், இறுக்கும்போது அளவு மாறிவிடுவது வழக்கம். திருகுக்குப் பதில் ஷிம் (அளவான சிறு தகடு) வைத்த டபுள் ஓவர்ஹெட் கேம் இன்ஜின் (ஹெட்டில் இரண்டு கேம் தண்டுகள் உள்ளது) என்றால் அளந்து குறித்துக்கொள்வதோடு நிறுத்தி, மாற்றுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

8. கம்ப்ரெஷன்

பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் சேருகிறது என்று அளப்பதுதான் இது. அதற்கான கம்ப்ரெஷன் கேஜ் உங்களிடம் இல்லாவிட்டால் இதை ஒர்க்‌ஷாப்பில் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். டேப்பட் சரிசெய்த பிறகுதான் செய்ய வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கட்டும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜைப் பொருத்துங்கள். பிளக் கேப்பில் பழைய பிளக்கைப் பொருத்தி, பிளக் துளையை விட்டுத் தள்ளி இன்ஜின் உடலோடு எர்த் ஆகும்படி வையுங்கள். இன்ஜெக்‌ஷன் பைக் என்றால் இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்து, முள் மேலே ஏறுவது நிற்கும்வரை கிக்கரை உதையுங்கள் அல்லது செல்ஃபை அழுத்துங்கள். ஆக்சிலேட்டரை மூடிவைத்துச் செய்தால் நல்ல இன்ஜின்கூடக் குறைவாகக் காட்டும்.

கையேட்டு அளவைவிடக் குறைவா? பிளக் துளை வழியாக ஒரு சிறு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, சில உதை உதைத்து, மறுபடி அளந்து பாருங்கள். இப்போது அளவு நன்றாக ஏறினால், ஆயில் ரிங்கின் இடுக்கை அடைத்திருக்கிறது. தேய்ந்தது ரிங்கும் சிலிண்டரும். ஏறாவிட்டால் வால்வு வழியாகவோ ஹெட் கேஸ்கெட் வழியாகவோ காற்று போகிறது, அப்படியானால் ஹெட்டைக் கழற்றினால் போதும். முழு இன்ஜின் வேலையா, பாதி வேலையா என்பதை இந்தத் தேக்கரண்டி ஆயில் ஓரளவு தெளிவாகவே சொல்லிவிடும்.

9. பிரித்தே ஆக வேண்டும் என்றால்

சரி, சோதனைகள் எல்லாம் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகின்றன. இப்போது பிரிக்கச் சம்மதியுங்கள், நிபந்தனையோடு. பிரித்த பின் அளந்து காட்டிய பிறகே உதிரிபாகம் வாங்க வேண்டும்: சிலிண்டர் விட்டம், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி, ரிங்கின் வாய் இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் சர்வீஸ் கையேட்டில் தேய்மான எல்லை உண்டு. எல்லைக்குள் இருக்கும் பாகத்தை மாற்ற வேண்டியதில்லை.

இரும்பு லைனர் உள்ள சிலிண்டரை போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி), 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடலாம், அந்த மாடலுக்கு அந்த அளவில் பிஸ்டன் கிடைத்தால். நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு பூசிய சிலிண்டரை அப்படிச் செய்ய முடியாது. மறுபூச்சு அல்லது புது சிலிண்டர்தான். உங்களுடையது எந்த வகை என்று முன்பே கேட்டுவிடுங்கள், செலவில் பெரிய வித்தியாசம் அங்கேதான் வருகிறது. கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், நடுவில் கூடினால் கேட்ட பிறகே செய்ய வேண்டும் என்றும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பைக் கைக்கு வந்த பிறகு புது ரிங் சிலிண்டரில் படியும்வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், உயர் கியரில் திணறவிடாமல், முழு ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓட்டுங்கள். முதல் ஆயிலை வழக்கமான இடைவெளிக்குக் காத்திருக்காமல் சீக்கிரமே மாற்றுங்கள், வடித்த ஆயிலை டார்ச் அடித்துப் பாருங்கள், அதே நாளில் டேப்பட்டையும் மறுபடி அளந்துவிடுங்கள்.