அக்ரி படிக்கும்போதே அனுபவம் சேர்க்க: ஒரு வயல், ஒரு நோட்டு

நாலாம் வருடம் ‘ராவே’ என்ற கிராமப்புற வேளாண் பணி அனுபவப் பயிற்சி வரும், கிராமத்தில் தங்கும்போது எல்லாம் கற்றுக்கொள்ளலாம் என்று இரண்டு வருடம் சும்மா இருந்தேன். கோடை இன்டர்ன்ஷிப் நேர்காணல் ஒன்றில், “நீங்களே வயலில் பார்த்த பூச்சி ஒன்றைச் சொல்லுங்க” என்றார்கள். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியின் அறிவியல் பெயரை ஒப்பித்தேன். “பார்த்தீங்களா?” என்றார் ஒருவர். பார்த்ததில்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் இது.

முதலில் வயல். சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஒரு விவசாயி, ஒரு பயிர் (எனக்கு நெல்), நாற்று முதல் அறுவடை வரை. கேள்வித்தாளோடு போகாதீங்க. நான் போனேன், “லோன் ஆபீஸா தம்பி?” என்று கேட்டுவிட்டு அவர் மடையைப் பார்க்கப் போய்விட்டார். மறுவாரம் வரப்பு வெட்டும் நாளில் காலை ஆறு மணிக்கே போய், “அண்ணே, நானும் வெட்டுறேன்” என்று மண்வெட்டியை வாங்கினேன். உள்ளங்கை கொப்பளித்தது, ஆனால் பேச ஆரம்பித்தார்.

அடுத்து மண் பரிசோதனை. நான் சறுக்கிய இடம் இதுதான், நிதானமாகப் படிங்க. உரம் போடுவதற்கு முன்பே மண் எடுக்கணும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம். மேல் சருகை ஒதுக்கி, ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சுரண்டுங்க. இப்படி 10, 15 இடம். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பங்கு இரண்டைத் தள்ளுங்க. அரை கிலோ மிஞ்சும்வரை இதையே செய்து நிழலில் உலர்த்துங்க.

இதெல்லாம் சரியாகச் செய்தேன். ஆனால் மண்ணைச் சேர்த்தது கொட்டகையில் கிடந்த யூரியா சாக்கில்! யூரியாவில் இருக்கும் தழைச்சத்துதான் முடிவில் எக்கச்சக்கமாக வந்தது. “அப்ப யூரியாவே வேண்டாமா தம்பி?” என்று அண்ணன் கேட்டபோதுதான் உறைத்தது. புது பிளாஸ்டிக் வாளி, துணிப்பை, அவ்வளவுதான். திரும்ப எடுத்தேன்.

நட்ட பிறகு வாரம் ஒருநாள் எண்ணிக்கை. குத்தின் (ஓரிடத்தில் நட்ட நெற்கொத்து) அடியை லேசாகத் தட்டினால் புகையான் தண்ணீரில் உதிரும். தூருக்கு (குத்தில் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும்) ஒன்று என்றால் மருந்து பற்றி யோசிக்கணும். பூச்சியைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்று இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். குருத்துப்பூச்சிக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீதம் நடுக்குருத்து காய்ந்திருந்தால்தான் மருந்து. இந்த எண்கள் பரீட்சைக்குப் படித்தவைதான். ஆனால் அண்ணன் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு “அடிக்கவா, வேண்டாமா?” என்று கேட்கும்போது வாய் வறண்டுவிடும். அந்த வாரம் எண்ணியது, சொன்னது, பிறகு நடந்தது மூன்றையும் தேதியோடு எழுதிவைங்க. அடுத்த நேர்காணலில் அந்தப் பக்கத்தைத்தான் வாங்கிப் பார்த்தார்கள்.

ஆப் எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை, சேற்றுக்கையோடு போனைத் தொடமுடியாது. 200 பக்க நோட்டும் பென்சிலும் போதும். மைப்பேனா எழுத்து மழையில் கரையும். காசு இருந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்க.

பிற்சேர்க்கை: தனியாக வயலுக்குப் போக வீட்டில் விடமாட்டார்கள் என்று இதைப் படித்த இரண்டு தங்கைகள் எழுதியிருந்தார்கள். தோழியைச் சேர்த்துக்கொள்ளுங்க, இல்லையென்றால் பக்கத்து நாற்றுப்பண்ணையிலும் இதே நோட்டைப் போடலாம். நகரத்துப் பிள்ளைகள் விடுமுறையில் ஒரு மாதம் உரக்கடையில் நில்லுங்க. வாடிய இலையைக் கையில் கொண்டுவந்து “இதுக்கு என்ன மருந்து?” என்பார்கள். பதில் சொல்ல அவசரப்படாமல், என்ன பயிர், எத்தனை நாள், எப்போது தண்ணீர் விட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்க.