பெரும்புள்ளிகளிடம் பாட்காஸ்ட் பேட்டி: மனப்பாடப் பதிலைத் தாண்டுவது எப்படி?

பதவியிலும் புகழிலும் இருப்பவர்களுக்குப் பேட்டி கொடுப்பது புதிதல்ல. இளமைக்கால வறுமை, முதல் தோல்வி, திருப்புமுனை எல்லாம் அவர்கள் வாயில் தேய்ந்து வழவழத்துப்போன கதைகள். அதையே உங்கள் மைக்கிலும் சொல்லவைக்க ஒரு மணி நேரம் எதற்கு?

விருந்தினரின் பழைய பேட்டிகளில் நீளமானவையாக ஐந்தாறைக் கேளுங்கள். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை எழுதுங்கள். வலப்பக்கம் யாரும் தோண்டாமல் விட்ட இடங்கள்: பாதியில் நின்ற வாக்கியம், ஒரு பேட்டிக்கும் மற்றதற்கும் ஒத்துவராத ஆண்டு, ஒரே வரியில் கடந்துபோன ராஜினாமா. கேள்விகள் வலப்பக்கத்திலிருந்து வரட்டும். இடப்பக்கச் செய்திகளை அறிமுக உரையில் நீங்களே சொல்லிவிடலாம்.

ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு 90 நிமிடம் கேட்டு வாங்குங்கள். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி உதவியாளர் கேட்பார். தலைப்புகளைச் சொல்லுங்கள், கேள்விகளைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பதிலும் எழுதித் தயாராகிவிடும். வெளியிடும் முன் ஒப்புதல் உண்டா, எதைப் பதிவுக்கு வெளியே வைப்பது என்பதையெல்லாம் அன்றே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பேட்டி முடிந்தபின் பேசினால் சண்டைதான்.

12 முதல் 15 கேள்விகள் போதும். முழு வாக்கியமாக எழுதாமல் குறிச்சொல்லாக எழுதுங்கள். வாசிக்கக் குனிந்தால் எதிரில் இருப்பவரின் முகம் தவறிவிடும். ஒரே விதிவிலக்கு, மிகக் கடினமான கேள்வி. அதை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பதற்றத்தில் “தப்பா நினைச்சுக்காதீங்க, சிலர் சொல்றாங்க…” என்று இழுப்போம். அவரோ “யார் சொன்னது?” என்று அந்த ‘சிலரை’ப் பிடித்துக்கொண்டு தப்பிவிடுவார். தேதி, அவர் சொன்ன அதே சொற்கள், பிறகு கேள்வி: இவ்வளவுதான் வேண்டும்.

அந்தக் கடினமான கேள்வியை நேரத்தின் மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும் கேளுங்கள். தொடக்கத்திலேயே கேட்டால் ஆள் இறுகிவிடுவார். கடைசியில் கேட்டால் துணைக்கேள்விக்கு நேரம் இருக்காது, உதவியாளர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். ஆனால் விவகாரம் அன்றைய தலைப்புச் செய்தி என்றால் தள்ளிப்போடாதீர்கள். நிகழ்ச்சியைக் கேட்கும் நேயரின் மனம் வேறெதிலும் நிற்காது.

ஒரு மூச்சில் ஒரு கேள்வி. இரண்டைச் சேர்த்துக் கேட்டால் எளிதானதற்கே பதில் வரும். “எப்படி உணர்ந்தீர்கள்?” என்றால் பெருமை, வருத்தம் என்று ஒரு சொல் கிடைக்கும். “அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள்? முதலில் வாயைத் திறந்தது யார்?” என்றால் காட்சி கிடைக்கும். மனப்பாடம் உடைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன விவரத்தில்தான்.

பதில் முடிந்ததும் மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். மௌனத்தை நிரப்ப அவரே மேலே பேசுவார். “ம்ம்”, “ஆமாமா” வேண்டாம், தலையசைத்தால் போதும். அந்த ஒலி பதிவைக் கெடுப்பதோடு ‘இது போதும்’ என்றும் அவருக்குச் சொல்லிவிடும்.

நழுவினால் வேறு சொற்களில் இன்னொரு முறை கேளுங்கள். மறுபடியும் நழுவினால், “பதில் சொல்ல விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டுவிட்டு நகருங்கள். 1977-இல் ஒளிபரப்பான முன்னாள் அமெரிக்க அதிபர் நிக்ஸனின் பேட்டிக்காகப் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் ஃப்ராஸ்ட் பதிவு செய்தது 28 மணி நேரத்துக்கும் மேல். நம் கையில் ஒன்றரை மணிதான். ஒரே கதவை இடித்துக்கொண்டிருக்க முடியாது.

ஒலிக்கு வருவோம். ஆளுக்கொரு டைனமிக் மைக் (சுற்றுச் சத்தத்தை அதிகம் இழுக்காத வகை), ஆளுக்கொரு டிராக், அதாவது தனித்தனிப் பதிவுத் தடம். மைக் வாயிலிருந்து 10–15 செ.மீ., சற்றே பக்கவாட்டில். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதும். பதிவுக் கருவியின் அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (WAV) கோப்பு. கருவியின் ஒலி அளவுகாட்டியில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும்; பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி சிதறும். சத்தமாகச் சிரித்தால் சிதறாமலிருக்க அந்த இடைவெளி வேண்டும். ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டு, யாரும் பேசாத அறையின் ஒலியை 30 விநாடி பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை மறைக்க எடிட்டிங்கில் அது உதவும். இணையவழி என்றால் இரு முனைகளிலும் அவரவர் கணினியிலேயே பதிவாக வேண்டும். எப்படியானாலும் ஒரு மாற்றுப் பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கட்டும்; பெரும்புள்ளி இரண்டாம் முறை உட்கார மாட்டார்.

வெட்டும்போது தடுமாற்றங்களையும் திரும்பச் சொன்னதையும் நீக்கலாம். ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்வியின் கீழ் ஒட்டக் கூடாது. நன்றி சொன்ன கையோடு பதிவை நிறுத்திவிடாதீர்கள். இன்னும் ஓடுகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். பேட்டி முடிந்துவிட்டதென்று தோள் தளரும் அந்த நேரத்தில் நல்ல வரி ஏதும் வந்தால், “இதையும் சேர்த்துக்கொள்ளலாமா?” என்று அங்கேயே கேட்டு, அவர் சொல்லும் சம்மதத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.