ஆஷ் மரத்தில் சின்னக் கூடை முடையலாம்: பாசமக்வாடி முறை

கூடை செய்வது என்றால் முடைவதுதான் பெரிய வேலை என்று நினைப்போம். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் பாசமக்வாடி பழங்குடியினர் செய்யும் ஆஷ் மரக்கூடைக்கு அது பொருந்தாது, முடைவதற்கான மெல்லிய மரப்பட்டையை, அதாவது சிம்பை, எடுப்பதிலேயே முக்கால்வாசி உழைப்பு போய்விடும்.

முதல் படி, கட்டையை அடிப்பது. ஈர நிலத்தில் நேராக வளர்ந்த, முடிச்சில்லாத கருப்பு ஆஷ் மரம் வேண்டும். மரத்தின் மேல்தோலை உரித்துவிட்டு, கோடாரியின் பின்பக்கத்தால் ஓரிடம் விடாமல் நீளவாக்கில் அடிக்க வேண்டும். இந்த மரத்தின் ஒவ்வொரு வளையத்திலும் வசந்த காலத்தில் வளர்ந்த பகுதி துளைதுளையாக இருக்கும், அடி விழுந்ததும் அது மட்டும் நொறுங்கி, ஓராண்டு வளர்ச்சி முழுதாக ஒரு நீளப் பட்டையாகக் கழன்று வரும். வேறு மரத்தில் இவ்வளவு சுத்தமாக வராது. ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு 2018இல் மேய்னுக்கும் வந்துவிட்டதால் கட்டையை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகவும் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயார் சிம்பு வாங்கிக்கொள்வதே நல்லது.

அடுத்து, பிளப்பது. கழன்று வந்த பட்டையின் நுனியில் கத்தியால் லேசாகக் கீறி, கனத்தைச் சரிபாதியாக இரண்டு பக்கமும் இழுங்கள். ஒரு பக்கம் தடித்துப் போனால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாக வளைத்து இழுத்தால் பிளவு மறுபடி நடுவுக்கு வரும். உள்ளே தெரியும் முகம் பட்டுப்போல வழவழவென்று இருக்கும், கூடையில் அதுதான் வெளிப்பக்கம்.

இனி அளவு. நிற்கும் சிம்பு 12, அகலம் ஒன்றேகால் செ.மீ., நீளம் 40 செ.மீ. சுற்றும் சிம்பு அதே நீளத்தில் பாதி அகலம். தண்ணீரில் ஊறவைத்து, ஆறுக்கு ஆறு ஒன்று மேல் ஒன்று கீழாகப் பின்னினால் அடிப்பாகம் ரெடி. நான்கு பக்கமும் மடக்கி நிறுத்தி, ஒரு மரக்கட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் சதுரம் கோணாது. ஒவ்வொரு சுற்றுக்கும் தனிச் சிம்பு, முனைகள் நாலு சிம்பு தூரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். அடுத்த சுற்றை மாற்றித் தொடங்குங்கள்.

இதைக் குடும்பத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றிருக்கிறார்கள். பாசமக்வாடி கூடைக் கலைஞர் மாலி நெப்ட்யூன் பார்க்கரிடம் அவருடைய பேரப்பிள்ளை ஜியோ நெப்ட்யூன் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டார், 2011இல் சாண்டா ஃபே நகரில் அமெரிக்கப் பழங்குடிக் கலைஞர்களுக்காக நடக்கும் ‘இந்தியன் மார்க்கெட்’ சந்தையில் முதல் பரிசு வாங்கிய ஜெரமி ஃப்ரே தன் அம்மாவிடம் கற்றார். சிம்பைப் பிளக்கும்போது கை கொடுக்க வேண்டிய அழுத்தத்தை என்னால் எழுத்தில் சொல்ல முடியவில்லை, அதற்கு ஆள்தான் வேண்டும்.

முடித்ததும் ஒரு நாள் காயவிடுங்கள். மரம் சுருங்கி இடைவெளி விழும், சுற்றுகளைக் கீழே தள்ளி இறுக்குங்கள். கடைசிச் சுற்றுக்கு வெளியே நிற்கும் சிம்புகளை நனைத்து உள்ளே மடித்துச் செருகி, உள்ளே நிற்பவற்றை விளிம்போடு வெட்டிவிடுங்கள். அப்புறம் உள்ளும் புறமும் ஒவ்வொரு வளையம் வைத்து, நடுவில் இனிப்புப்புல் என்ற வாசனைப் புல்லின் பின்னலைப் படுக்கவிட்டு, மெல்லிய சிம்பால் சுற்றிக் கட்டுங்கள். இனிப்புப்புல் கிடைக்காவிட்டால் வளையங்கள் மட்டும் போதும், வாசனைதான் இருக்காது.