தொலைக்காட்சி நம்மைக் கண்காணிக்காமல் தடுப்பது எப்படி?

இணைய இணைப்புள்ள ஸ்மார்ட் தொலைக்காட்சிகள் பலவற்றில், திரையில் ஓடும் காட்சியின் துணுக்குகளை அவ்வப்போது பதிந்து, அவற்றை ஒரு தரவுத்தளத்துடன் ஒப்பிட்டு, நாம் எதை எப்போது பார்த்தோம் என்று அறியும் மென்பொருள் இயங்குகிறது. செட்டாப் பாக்ஸ், டிவிடி வழியே வரும் காட்சிகளும் இதற்குத் தப்புவதில்லை. தொலைக்காட்சி விற்கும் விசியோ நிறுவனம் 1.1 கோடி தொலைக்காட்சிகளிலிருந்து உரிமையாளர்களின் இசைவின்றி இவ்விவரங்களைத் திரட்டியதாக எழுந்த வழக்கை முடித்துக்கொள்ள, 2017இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

முதலில், செட்டிங்ஸில் தனியுரிமை அல்லது விதிமுறைகள் பகுதியைத் திறந்து, சாம்சங்கில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’ என்ற பெயர்களில் உள்ள இந்தக் கண்காணிப்பு வசதியை அணைத்துவிடுங்கள். மாடலுக்கேற்ப இப்பெயர்கள் மாறலாம். விளம்பரத் தனிப்பயனாக்கத்தையும் குரல் அறிதலையும் அங்கேயே நிறுத்தலாம். மென்பொருள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இவற்றை மறுபடி சரிபார்ப்பது நல்லது.

கேபிள் வழியே மட்டும் பார்ப்பவர்கள் தொலைக்காட்சிக்கு வைஃபை கடவுச்சொல்லையே தர வேண்டாம். என் கருத்தில் இதைவிட உறுதியான வழி வேறில்லை. வீட்டில் பெரியவர்களுக்குப் புதிய தொலைக்காட்சி வாங்கித் தருபவர்கள், முதல்முறை இயக்கும்போது எல்லாவற்றுக்கும் ‘சம்மதம்’ அழுத்திவிடாமல், அருகிலிருந்து ஒவ்வொன்றையும் படித்துக் காட்டுங்கள்.

பழைய தொலைக்காட்சியை விற்குமுன் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்து, அதில் பதிந்துள்ள கணக்குகளையும் கடவுச்சொற்களையும் அழித்துவிடுங்கள்.